கொங்கு நாட்டுக் குயவரும் நம் கூரைகளும்

விழா மலர்க் குழுவினர் நம்மிடம் ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டுமென்று கேட்டனர். பங்கு தோன்றிய வரலாறும், பணியாற்றிய குருக்களின் பட்டியலும், பக்த சபைகளின் அறிக்கைகளும் இம்மலரின் ஏனைய பக்கங்களில் இடம் பெறுகின்றன. அவற்றையே நாமும் திருப்பிச் சொல்வதில் பயனில்லை. ஆகவே நம் பங்கில் எல்லாரும் பார்த்திருந்தும் எவரும் எழுதாத ஒன்றை எடுத்துக்கொண்டோம். அது நம் பழைய பள்ளிக்கூடத்தின் கூரை.

அந்தக் கட்டடத்துக்கு இதுவரை மூன்று கூரைகள். முதலாவது நாட்டு ஓடு. அதைக் கண்ணால் கண்டவர்கள் இன்று நம்மிடையே மிகச் சிலரே. இரண்டாவது சீமை ஓடு என்று நம் பக்கத்தில் வழங்கும் மங்களூர் ஓடு. மூன்றாவது ஆஸ்பெஸ்டாஸ் தகடு. இரண்டாவதைப் பிரித்துவிட்டு மூன்றாவதைப் போடலாம் என்று முடிவு செய்த கூட்டத்தில் நாமும் இருந்தோம், கையும் தூக்கினோம். ஓட்டுக்குள் தேள் வருகிறது, மழைக்கு ஒழுகுகிறது, சட்டங்களைக் கரையான் அரிக்கிறது என்று சொல்லப்பட்ட காரணங்கள் யாவும் உண்மையே. ஆனால் அடுத்து வந்த பங்குனி மாதத்திலேயே பிள்ளைகளை வேப்பமரத்தடிக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அந்தத் தகட்டைப் பல நாடுகள் உடல்நலத்துக்குக் கேடென்று தடை செய்திருப்பதும் பிற்பாடுதான் நம் காதுக்கு எட்டியது.

இப்போது ஜூபிலி நினைவாகச் சமூகக் கூடம் ஒன்று கட்டப்படவிருக்கிறது. அதன் கூரை எதனால் அமைய வேண்டும் என்ற பேச்சு எழுந்திருக்கிறது. இம்முறை கை தூக்குவதற்கு முன் கொஞ்சம் விசாரித்துக்கொள்வோம் என்று புறப்பட்டோம். அந்த விசாரணை நம்மை ஒரு குயவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கே போய்ச் சேருவதற்குள் சொல்ல வேண்டியது நிறைய உண்டு.

நொய்யற்கரையின் பழைய பானைகள்

ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலைக்கு மேற்கே, நொய்யல் ஆற்றின் வடகரையில் கொடுமணல் என்ற சிற்றூர் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று பேசப்படும் ஊர் இதுவே என்பர். 1985-ஆம் ஆண்டு தொடங்கித் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் இங்கே அகழ்ந்தபோது இரும்பு உருக்கிய உலைகளும், மணிக்கற்களைக் கடைந்து துளையிட்ட தொழிற்கூடங்களும் வெளிப்பட்டன. அவற்றோடு மலைமலையாகப் பானை ஓடுகள். நூற்றுக்கணக்கான ஓடுகளில் தமிழ் பிராமி எழுத்துகள் கீறப்பட்டிருந்தன, பலவும் ஆட்பெயர்கள். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கொங்கு நாட்டார் தம் பெயரை எழுதி வைத்த ஏடு குயவர் வனைந்த பானைதான்.

அங்குக் கிடைத்தவற்றுள் ஒருவகைக் கலம் உள்ளே கருப்பாகவும் வெளியே சிவப்பாகவும் இருக்கும். வாயைக் கீழாகக் கவிழ்த்துச் சுடும்போது உட்புறத்துக்குக் காற்றுச் செல்லாமல் கருக்கிறது, வெளிப்புறம் காற்றுப் பட்டுச் சிவக்கிறது என்று ஆய்வாளர் விளக்கம் தருவர். நெருப்பையும் காற்றையும் இவ்வளவு நுட்பமாக ஆண்டவர்களைத்தான் பிற்காலத்தில் நாம் சட்டிபானை விற்பவர் என்று மட்டும் நினைத்துவிட்டோம்.

இந்த ஊருக்கு அண்மையில்தான் 1992-இல் ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பட்டது. திருப்பூர்ச் சாயக்கழிவு அதில் தேங்கியதும், உழவர் வழக்காடியதும், 2011-இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் யாவரும் அறிந்தவை. ஆற்று நீரைப் பற்றித்தான் அன்று பேசினோம். ஆற்று வண்டலை நம்பி வாழ்ந்தவர்களைப் பற்றிப் பேசியவர் குறைவு.

ஊருக்கு ஒரு குயவர்

குயவர், குலாலர், வேளார் என்று தமிழகமெங்கும் பல பெயர்களில் அறியப்படுவோரைக் கொங்கில் உடையார் என்றும் மண்ணுடையார் என்றும் அழைப்பது வழக்கம். (திருச்சி, விழுப்புரம் பக்கங்களில் நம் சபையிலும் மிகுதியாக உள்ள உடையார்கள் வேறு, பெயர் ஒன்றாயிருப்பதால் குழப்பம் வேண்டாம்.) பொங்கற் பானையும், கலியாணத்து அரசாணிப் பானையும், மாரியம்மன் நோன்பின் பூவோடும், இறுதியில் உடைக்கும் நீர்க்குடமும் அவர் கையிலிருந்தே வரவேண்டும். கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஆடும் மாடும் களிமண்ணில் பிடித்துத் தந்தவர்களும் அவர்களே. நாம் சிறுவயதில் வாங்கிய ஒட்டகத்துக்குக் குதிரையின் முகம் இருந்தது, பாவம், அவர் ஒட்டகத்தைக் கண்டதில்லை.

ஆனால் சடங்குகளால் மட்டும் ஒரு குடும்பத்துக்குச் சோறு கிடைத்துவிடாது. குயவரின் அடுப்பு ஆண்டு முழுதும் எரிந்ததற்குச் சமையலறை ஒரு காரணம் என்றால் கூரை மற்றொரு காரணம். இந்த இரண்டாவதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

நாட்டு ஓடு எப்படிச் செய்யப்பட்டது என்பதை இளைய தலைமுறை அறிந்துகொள்ளட்டும். குளத்து வண்டலோடு மணலைச் சேர்த்து மிதித்துப் பதப்படுத்துவர். சக்கரத்தில் அடியில்லாத நீண்ட பானை ஒன்றை, ஒரு முனை அகலமாகவும் மறுமுனை சற்றுக் குறுகலாகவும் எழுப்புவர். ஈரம் பாதி வற்றியதும் நெடுக்கில் இரண்டு பக்கமும் கீறி விடுவர். முழுவதும் காய்ந்தபின் தட்டினால் அது இரண்டாகப் பிளக்கும். ஒரு பானையில் இரண்டு ஓடு. அவற்றைச் சூளையில் அடுக்கிச் சுட்டெடுத்தால் கூரைக்குத் தயார். ஒரு வரிசை மல்லாந்து வாய்க்காலாகக் கிடக்க, அடுத்த வரிசை அதன் விளிம்புகளை மூடிக் கவிழ்ந்திருக்கும். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே தங்கும் காற்று வெயிலைத் தடுத்தது. சந்துகள் வழியே அடுப்புப் புகை வெளியேறியது. தோட்டத்துச் சாளையாயினும், ஆசாரம் வைத்த பெரிய வீடாயினும், கூரை இதுதான்.

இந்த ஓட்டுக்கு ஒரு குறை உண்டு. அந்தக் குறையே குயவருக்கு வாழ்வும் ஆயிற்று. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஓடுகளை நகர்த்திவிடும். பூனையும் குரங்கும் மிதித்து உடைக்கும். ஆகவே காற்றுக் காலத்துக்கு முன்பே ஆண்டுதோறும் ஓடு பிரித்து மேய வேண்டும். உடைந்ததற்கு மாற்று ஓடு வேண்டும். குயவர் வீட்டுக்கு ஆள் அனுப்பாத ஆண்டே கிடையாது. கூலியைக் களத்திலே கம்பாகவும் சோளமாகவும் அளந்தார்கள். அளவு போதியதா, மரியாதையோடு அளந்தார்களா என்று கேட்டால் இல்லை என்றுதான் பல முதியவர்கள் சொல்வார்கள். அந்தப் பழைய ஏற்பாட்டைப் புகழ்ந்து பாட நமக்கு விருப்பமில்லை. ஆயினும் வீட்டுக்காரரும் குயவரும் ஒருவரையொருவர் ஆண்டுக்கொரு முறையேனும் பார்த்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அதில் இருந்தது.

காற்று வந்த வழியே ஓடும் வந்தது

பிரான்சு நாட்டின் அல்சாசுப் பகுதியில் கிலார்டோனி சகோதரர்கள் என்போர், பல்லும் பள்ளமுமாக ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் தட்டை ஓட்டை உருவாக்கி 1841-இல் உரிமம் பெற்றனர். அந்த முறையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் பாசல் மிஷனைச் சேர்ந்த புரொட்டஸ்டண்டு போதகர்கள். ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்பவர் 1865-இல் மங்களூரில் நேத்திராவதி ஆற்றுக் களிமண்ணைக் கொண்டு ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கினார். மூன்றாண்டுகளில் அவ்வூர்க் கத்தோலிக்கரான அல்புகர்க் குடும்பத்தாரும் இத்தொழிலில் இறங்கினர். பாசல் மிஷனின் ஆலைகள் பிற்பாடு கோழிக்கோடு, கோடக்கல், பாலக்காடு, பெரோக் என்று தெற்கே பரவின. முதல் உலகப் போரின் விளைவாக அவை மிஷனின் கையை விட்டுப் போய், காமன்வெல்த் டிரஸ்ட் என்ற புதிய அமைப்பின் கைக்கு மாறின. ஓடு மட்டும் நிற்கவில்லை.

இதற்குள் நமக்கும் மலையாளக் கரைக்கும் இடையே இருப்புப்பாதை வந்துவிட்டிருந்தது. சென்னையிலிருந்து போத்தனூர், பாலக்காடு வழியாகப் பேப்பூர் வரைக்கும் 1862-இலேயே இரயில் ஓடிற்று. கணவாய் வழியே காற்று மட்டும் வந்த காலம் போய், வேகன் வேகனாக ஓடும் வரத் தொடங்கிற்று. கோவை மேற்றிராசனம் 1850-இல் அப்போஸ்தலிக்க விகாரியத்தாகவும் 1886-இல் மேற்றிராசனமாகவும் நிலைபெற்று, கோயில்களும் பள்ளிகளும் பெருகிய காலமும் இதுதான். கூரைக் கோயில்கள் ஓட்டுக் கோயில்களாயின. உறுதியான, ஆண்டுதோறும் பிரிக்கத் தேவையில்லாத கூரை கிடைக்கிறதென்றால் எந்தப் பங்குக் குரு வேண்டாமென்பார்?

இதிலே ஒரு வேதனையான முரண்பாடு உண்டு. மதம் மாறியதால் சாதியும் தொழிலும் இழந்து தெருவில் நின்றவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே பாசல் போதகர்கள் நெசவாலையும் ஓட்டாலையும் தொடங்கினார்கள். நல்ல நோக்கம், ஆயிரக்கணக்கானோர் பிழைத்தனர். ஆனால் அந்த ஓடு போய் இறங்கிய ஊர்களிலெல்லாம், அதே மண்ணை நம்பியிருந்த ஒருவருக்கு ஆண்டு வேலை நின்றது. அவரை எவரும் கணக்கில் எடுக்கவில்லை. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நம் பள்ளியின் இரண்டாவது கூரையும் அதே ஓடுதானே!

மூன்றாவது அடி இன்னும் அருகிலிருந்து விழுந்தது. 1934-இல் மதுக்கரையில் சிமெண்டுத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. பைக்காரா மின்சாரமும் பஞ்சாலைகளும் கோவையை நகரமாக்கிக்கொண்டிருந்த நேரம். ஓட்டு வீடு போய்த் தார்சு வீடு வந்தது. பெண் கொடுக்க வருவோர் முதலில் கேட்பது தார்சு வீடா என்பதே என்றாயிற்று. அலுமினியமும் எவர்சில்வரும் அடுக்களையைப் பிடித்துக்கொண்டன. இந்தக் கதை எல்லார் வீட்டிலும் நடந்தது. விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. குயவர் பிள்ளைகள் கட்டட வேலைக்கும் பனியன் கம்பெனிக்கும் போனார்கள். அவர்களில் நல்ல கொத்தனார்கள் ஆனவர்கள் உண்டு. மண்ணின் ஈரத்தைக் கையால் அறிந்தவர்களுக்குக் கலவையின் பதம் தெரியாமலா போகும்?

கட்டடக்காரர் சிலர் திரும்பிப் பார்த்தது

இனி மகிழ்ச்சியான பகுதிக்கு வருவோம். மண்பாண்டத் தொழிலை வளர்க்க வேண்டும் என்று பேசுவோர் பெரும்பாலும் பூந்தொட்டி, தண்ணீர் சாடி, பொம்மை என்பதோடு நின்றுவிடுவர். ஒரு வீட்டுக்கு இரண்டு தொட்டி போதும். அதற்குமேல் எவர் வாங்குவர்? ஆனால் ஒரு கூரைக்கு ஆயிரம் பானை வேண்டும் என்றால் அது வேறு கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டவர்கள் தென்னிந்தியாவில் சிலர் இருந்தார்கள்.

முதலில் சொல்ல வேண்டியவர் லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்த இவர், குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். இந்தியாவில் தங்கித் தொண்டாற்றுமாறு காந்தியடிகள் கொடுத்த ஊக்கம் அவர் வாழ்க்கையை மாற்றியது. திருவனந்தபுரத்தில் அவருக்குப் பெரும் ஆதரவு தந்தவர் மலங்கரைக் கத்தோலிக்கப் பேராயர் பெனடிக்ட் மார் கிரெகோரியோசு. ஸ்ரீகாரியம் லயோலா வளாகத்துச் சிற்றாலயமும் திருவல்லா புனித யோவான் பேராலயமும் பேக்கர் கைப்பட்டவை. 2007 ஏப்ரல் 1-ஆம் நாள் அவர் காலமானார்.

பேக்கர் பரப்பிய முறைகளுள் நம் பொருளுக்கு வேண்டியது ஒன்றே. கான்கிரீட்டுத் தளம் பாரத்தைத் தாங்கும்போது அதன் மேற்பகுதி அமுங்குகிறது, கீழ்ப்பகுதி இழுபடுகிறது. அமுக்கத்தைக் கான்கிரீட்டு தாங்கும். இழுப்பைக் கம்பி தாங்கும். அப்படியானால் கீழே, கம்பிக்கும் கம்பிக்கும் நடுவிலுள்ள கான்கிரீட்டு பெரும்பாலும் சும்மா இருக்கிறது. தன் பாரத்தைத் தானே சுமப்பது தவிர அதற்கு வேலையில்லை. அந்த இடத்தில் கழிவு ஓடுகளையோ மண் சட்டியையோ வைத்துவிட்டால் சிமெண்டும் மிச்சம், பாரமும் குறைவு, உள்ளே சிறைப்பட்ட காற்றினால் வெப்பமும் இறங்காது. இவ்வளவுதான் இரகசியம். மங்களூர் ஓடு எந்தக் கான்கிரீட்டிடம் தோற்றதோ அதன் வயிற்றுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது என்று நாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அடுத்தது புதுச்சேரி. அமெரிக்கரான ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் அங்கே கோல்டன் பிரிட்ஜ் மண்பாண்டக் கூடத்தை நிறுவினர். மீக்கர் 1985 முதல் பத்தாண்டுகளுக்கு மேலாக ஒரு விசித்திரமான முயற்சியில் ஈடுபட்டார். சுடாத பச்சை மண்கல்லால் வளைவுக் கூரையோடு வீட்டைக் கட்டி, உள்ளே செங்கல், ஓடு, சட்டி ஆகியவற்றை நிரப்பி, வீட்டையே சூளையாக்கி நாட்கணக்கில் எரிய விட்டார். தணிந்தபின் கதவைத் திறந்தால் உள்ளே விற்பனைக்குரிய சரக்கு. வீடும் சுட்ட மண்ணாக மாறி மழைக்குக் கரையாமல் நிற்கும். சரக்கை விற்று எரிபொருட் செலவை ஈடுகட்டலாம் என்பது திட்டம். ஆனால் ஒரு வீட்டைச் சுட விறகு கொஞ்சமா வேண்டும்? சுவர்களின் வழியே வெளியேறும் சூடு கொஞ்சமா? இம்முறை எங்கும் பரவாததில் வியப்பில்லை. ஆயினும் கட்டடக் கலைஞர் அனுபமா குண்டூ, வொலோன்தாரியா என்னும் தொண்டு நிறுவனத்துக்காகப் புதுச்சேரியில் வீடற்ற சிறுவர் இல்லங்களை மீக்கரின் இம்முறையிலேயே 2008-ஐ ஒட்டி அமைத்தார். சைக்கிள் சக்கர வளையங்களைச் சன்னலுக்குப் பயன்படுத்தியிருப்பதைப் பார்ப்பவர் சிரித்துக்கொண்டே வியப்பர்.

அதே அம்மையார் ஆரோவில்லில் 2000-ஆம் ஆண்டில் தமக்கெனக் கட்டிய வீடு நமக்கு இன்னும் நெருங்கிய பாடம். அதன் வளைவுக் கூரை, ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் உள்ளீடற்ற மண்குழல்களால் ஆனது. குழல்களை வனைந்தவர் குயவர். கம்பியும் இல்லை. தட்டைத் தளம் வேண்டிய இடங்களில் பானைகளைக் கவிழ்த்து இடையே கான்கிரீட்டு வார்த்தனர். 2012-இல் இத்தாலியின் வெனிசு நகரக் கட்டடக் கலைக் கண்காட்சியில் இந்த வீட்டை முழு அளவில் கட்டிக் காட்டினார்கள். இந்தியக் கைவினைஞர்கள் அங்கே நேரில் சென்று உழைத்தனர்.

வெனிசுக்குத் தெற்கே சிறிது தொலைவில் ரவென்னா என்ற நகரம் உண்டு. அங்குள்ள புனித விதாலிசு ஆலயம் 547-ஐ ஒட்டி அபிஷேகம் செய்யப்பட்டது. கண்ணைக் கவரும் அதன் பொன் மொசைக் சித்திரங்களைப் பற்றி நம் குருமாணவர்கள் படித்திருப்பார்கள். அதன் குவிமாடத்தைத் தாங்குவது எது தெரியுமா? ஒன்றுக்குள் ஒன்று செருகிய மண்குழல்கள்! பாரம் குறைய வேண்டும் என்று உரோமக் கொத்தர்கள் குயவரிடம் போனார்கள். ஆயிரத்து நானூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளாக அக்கூரை நிற்கிறது. ஆரோவில்லில் நடந்தது புதுமை என்று நாம் நினைத்தால், அது மறந்துபோன பழமை.

நீலமலைக்கு அப்பால் ஓர் ஊர்

மேலே சொன்னவை கட்டடங்களின் கதை. ஒரு குயவர் சமூகமே கட்டடத்தால் மீண்ட கதை நமக்கு மிக அருகில், கூடலூரைத் தாண்டி இறங்கினால் வரும் நிலம்பூரில் இருக்கிறது. அங்கே அருவக்கோடு என்ற ஊரில் வாழும் கும்பாரர்கள் தலைமுறைகளுக்கு முன் தெலுங்கு நாட்டிலிருந்து வந்தவர்கள். சட்டிபானை விற்பனை விழுந்தபின் அவ்வூர் பட்ட துன்பம் சாதாரணமன்று. பசியினால் பெண்கள் எந்த நிலைக்குத் தள்ளப்பட்டார்கள் என்பதை அந்நாளைய பத்திரிகைகள் எழுதின. நாம் அதை இங்கே திரும்ப எழுதத் தேவையில்லை.

1990-களில் கே. பி. ஜினன் என்பவர் அவ்வூருக்கு வந்தார். பொறியியல் படித்து, பின் அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்திலும் பயின்றவர். பானைக்குச் சந்தை இல்லை, ஆனால் வீடு கட்டுவோர் பெருகுகிறார்கள் என்று கண்டார். சுவரில் பதிக்கும் சுடுமண் சித்திரங்கள், தரை ஓடுகள், விளக்குக் கூடுகள் போன்றவற்றை அவ்வூரார் செய்யத் தொடங்கினர். ‘கும்பம்’ என்ற பெயரில் அவை வெளியூர்க் கட்டடங்களுக்குச் சென்றன. அவர் செய்ததில் நாம் மிகவும் மதிப்பது வேறொன்று: நகரத்து வடிவங்களைக் கொண்டுவந்து பார்த்துச் செய் என்று திணிக்காமல், அவர்கள் கையில் என்ன வருகிறதோ அதை வர விட்டார். சக்கரத்தண்டை அமராத பெண்களும் சுவர்ச் சித்திர வேலையில் ஈடுபட்டனர். வறுமை முழுதும் ஒழிந்ததென்று சொல்லமாட்டோம். ஊர்ப்பெயரைச் சொல்லக் கூசியவர்கள் அதைச் சொல்லி ஆர்டர் பிடித்தார்கள் என்பதே போதும்.

மண் எங்கே?

நிலம்பூரில் நடந்தது நொய்யற்கரையில் நடக்குமா? கோவை, பொள்ளாச்சி வட்டாரத்தில் கட்டடக் கலைஞர் சிலர் பானை வைத்த தளங்களையும் சுடுமண் சுவர்களையும் வடிவமைத்து வருகிறார்கள். எனவே கேட்பவர் இல்லாமல் இல்லை. தட்டுப்பாடு மண்ணுக்குத்தான்.

கோவை நகரைச் சுற்றியுள்ள குளங்கள் நொய்யல் வாய்க்கால்களால் நிரம்பியவை. அவற்றின் வண்டல் குயவர்க்கு உயிர். அக்குளங்களில் சாக்கடை கலந்தது. பின்னர் ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் முதலியவற்றின் கரைகள் அழகிய நடைபாதைகளாயின. மாலையில் உலாவப் போகிறோம்; நல்லதுதான். அந்தக் கரையில் மண்வெட்டியோடு ஒரு குயவர் இறங்கினால் காவலர் என்ன சொல்வார் என்று நினைத்துப் பாருங்கள்.

தடாகம் பள்ளத்தாக்கின் கதை இன்னும் சிக்கலானது. அங்கே செங்கற் சூளைகளுக்காகச் செம்மண்ணை அளவின்றித் தோண்டினார்கள். யானை வழித்தடங்களும் ஓடைகளும் சிதைந்தன. ஊரார் வழக்காடியபின், உரிய அனுமதியின்றி நடந்த 186 சூளைகளை மூடுமாறு 2021 மார்ச்சில் மாவட்ட நிர்வாகம் உத்தரவிட்டது. செய்ய வேண்டியதே. ஆனால் இயந்திரம் வைத்து மலையடிவாரத்தைப் பெயர்த்த சூளையும், வீட்டுக் கொல்லையில் மாதம் ஒருமுறை பற்றவைக்கும் குயவர் சூளையும் ஒன்றல்ல என்பதை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். மண் என்றாலே வழக்கு என்ற அச்சம் எளியவரைத்தான் முதலில் பிடிக்கிறது.

2024-இல் தமிழக அரசு ஒரு வழி திறந்தது. ஏரி குளங்களில் வண்டலும் களிமண்ணும் கட்டணமின்றி எடுக்க உழவர்க்கும் மண்பாண்டத் தொழிலாளர்க்கும் வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று விதி எளிதாக்கப்பட்டது. முன்பு மாவட்டத் தலைநகர் வரை அலைய வேண்டியிருந்தது. மனு எழுதிக் கொடுக்கத் தெரிந்தவர்கள் நம் இளைஞர் சபையில் பலர் இருக்கிறார்கள்.

இன்னோர் அபாயத்தையும் சொல்லிவிடுகிறோம். துளையிட்ட சுடுமண் கற்கள் இப்போது ஆலையிலேயே தயாராகின்றன. ஆஸ்திரிய நாட்டு நிறுவனம் ஒன்று கர்நாடகத்துக் குனிகல்லில் ஆலை வைத்திருக்கிறது. சரக்கு நல்ல சரக்கு. விலை, அளவு, உறுதி எல்லாவற்றுக்கும் காகிதத்தில் சான்று உண்டு. குயவர் பானைக்கு அச்சான்று கிடையாது. 1865-இல் நடந்தது மறுபடியும் நடக்கலாம்.

பெரியவர் கேட்ட கேள்வி

நொய்யலுக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் எழுபதைக் கடந்த குயவர் ஒருவரை, நம் கொத்தனாரையும் உடன் அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தோம். அவருடைய தந்தையார்தான் நம் பள்ளியின் முதல் கூரைக்கு ஓடு சுட்டவர் என்பது பேச்சுவாக்கில் தெரியவந்தது. தளத்துக்குள் வைக்கப் பானை வேண்டும் என்றோம். அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏனுங் வாத்தியாரையா, காங்கிரீட்டுக்குள்ள போட்டுப் பொதைக்கறதுக்கா பானை கேக்கறீங்க?”

புதைப்பதல்ல, கவிழ்த்து வைப்போம், அண்ணாந்து பார்த்தால் பானையின் உட்புறம் தெரியும் என்று கொத்தனார் தரையில் கோடு போட்டு விளக்கினார். பானையை முதல் நாளே தண்ணீரில் ஊற வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது கான்கிரீட்டின் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்றும் சொன்னார். பெரியவர் வாயகலம் கேட்டார், உயரம் கேட்டார். கூடத்தின் அளவுக்குச் சுமார் ஆயிரம் பானை என்று கணக்கு வந்தது. ஐப்பசி, கார்த்திகையில் சூளை வைக்க முடியாது, தை பிறந்தபின் என்றால் மகனையும் வேலைக்கு நிறுத்திக்கொண்டு நான்கைந்து சூளையில் முடிக்கலாம் என்றார். மகன் திருப்பூரில் இருக்கிறார். முன்பணம் பாதி வேண்டும், மண் எடுக்க வட்டாட்சியர் சீட்டு வேண்டும். இரண்டும் நியாயமே.

கிளம்பும்போது மறுபடி கூப்பிட்டார்.

“உள்பக்கம்தானுங்க தெரியும்? அப்ப உள்ளார நல்லா வழிச்சு வெக்கோணுமுங்க. பானைக்கு உள்பக்கத்த யாரும் பாக்கமாட்டாங்கன்னு அங்க கை அழுத்தறதே இல்லீங்க.”

பொறியாளர் வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கம்பி அளவை மட்டும் திருத்தச் சொல்லியிருக்கிறார். பங்குப் பேரவை பாஸ்குத் திருவிழாவுக்குப் பின் கூடி முடிவெடுக்கும். மாதிரிக்கென்று பெரியவர் கொடுத்தனுப்பிய பன்னிரண்டு பானைகள் இப்போது சக்கிறிஸ்து அறைத் திண்ணையில் கவிழ்ந்திருக்கின்றன. பாடற்குழுச் சிறுவர்கள் அவற்றுக்குள் வாய் வைத்துப் பாடிப் பார்த்ததில் இரண்டு உடைந்துவிட்டன, மீதம் பத்து.